தோற்ற வார்டிலும் நமக்கு வேலை இருக்கிறது

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்து, மார்ச் 4 அன்று சென்னைக்கு மேயரும் வந்துவிட்டார். வடசென்னையில் எங்கள் மஹல்லாவினர் சேர்ந்து நிறுத்திய சுயேச்சை வேட்பாளர் தோற்றுப்போனார். வாக்கு எண்ணப்பட்ட பிப்ரவரி 22 மாலையே, "பணம் விளையாடிவிட்டது", "ஓட்டைப் பிரித்துவிட்டார்கள்" என்று காரணங்கள் வரிசை கட்டின. அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் நம் பக்கத்துக் குறைகளைப் பேசாவிட்டால் அடுத்த தேர்தலிலும் இதே கதைதான்.

முதல் குறை, காலம் கடந்து விழித்தது. 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கவுன்சிலர் இல்லை, அதிகாரிகளே நிர்வகித்தார்கள். கடந்த நவம்பர் மழையில் தெருக்களில் தண்ணீர் நின்றபோது, ஜமாஅத்தாக நாம் ஒரு மனுவாவது கொடுத்தோமா? ஜனவரி 26 அன்று தேர்தல் அறிவிப்பு வந்த பிறகுதான் மஷூராவுக்குக் கூடினோம். வாக்குப்பதிவுக்கு இருந்தவை 24 நாட்கள்.

இரண்டாவது குறை, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டியது. எங்களுடையது பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு. ஆனால் வேட்பாளரை முடிவு செய்த அந்த மஷூராவில் ஒரு பெண்கூட இல்லை. நானும் அதில் அமர்ந்திருந்தேன். அந்தச் சகோதரியை முன்னிறுத்தாமல் அவருடைய கணவரை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்தக் கால்வாய் அடைத்திருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தவர் அவர்தான். அவரைப் பேசவிடாமல் நாங்கள் பேசினோம்.

மூன்றாவது, வாக்களிக்காதவர்கள். சென்னையில் பதிவான வாக்குகள் 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நம் வீடுகளிலும் எத்தனை பேர் போகவில்லை என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும்.

இனி என்ன? வென்றவர் நமக்கு ஓட்டுப் போடாதவர்களுக்கும் போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் கவுன்சிலர். அவரைப் பகைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஒதுங்கியிருந்தால் இழப்பு நம் பிள்ளைகளுக்கே. அடுத்த மழைக்கு முன் வடிகால் தூர்வாரப்பட வேண்டும். மாநகராட்சிப் பள்ளியின் கழிப்பறை சரியாக வேண்டும். இரவில் டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகளுக்குத் தெருவிளக்கு எரிய வேண்டும். இவை எந்தக் கட்சிக்கும் மதத்துக்கும் உரிய கோரிக்கைகள் அல்ல.

கிராமங்களில் கிராமசபை கூடிக் கேள்வி கேட்கிறது. 200 வார்டுகள் கொண்ட சென்னையிலும் வார்டு மக்கள் கூடிப் பேச இடம் வேண்டும் என்று புதிய மாமன்றத்திடம் கேட்போம். அதுவரை 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணில் அழைத்து, புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்வோம்.

தோற்ற சகோதரியிடம் போன வாரம் பேசினேன். கவுன்சிலரிடம் கொடுக்க வடிகால் மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறார். அண்டை வீட்டு இந்து, கிறிஸ்தவப் பெண்களும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இந்த முறையாவது அவர் முன்னே நடக்கட்டும். நாம் பின்னே போவோம்.