விண்ணின் வெடிப்பைத் தமிழ் சொல்லும்!

நுண்ணறிவியலைத் தமிழிற் சொல்லவியலாது என்பார் இன்றும் உளர். அவர் உண்பது தமிழ்மண் விளைத்த சோறு. வாய்மட்டும் அயலார்க்கு அடகு வைக்கப்பட்டது. அன்னார் கூற்றுப் பொய்யென்பதற்கு வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையே சான்று பகரும்.

அம்மலையில் இடி இடிக்கிறது. செம்மேட்டில் நிற்பவன் முன்னர்க் கேட்கிறான். சோளக்காட்டில் நிற்பவன் மூன்று நொடி பிந்திக் கேட்கிறான். ஒலி மூன்று நொடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் செல்லும். எனவே, இடி பிறந்த இடம் செம்மேட்டிற்கு அவ்வளவு அண்மையது. வேறோர் ஊரில் மூன்றாமவனும் நேரங்குறிப்பின், அவ்விடம் இன்னும் தெளிவாகும். ஏட்டுக்கல்வியில்லா உழவனும் இதனை உணர்வான். காமாக்கதிர் வெடிப்பின் திசையைச் சிறு செயற்கைக்கோள்கள் அறியும் முறையும் இதுவே!

பெருவிண்மீன் தன்னுள் இடிந்து சுருங்கும்போதும், நொதுமி விண்மீன்கள் இரண்டு மோதும்போதும் இவ்வெடிப்பு எழும். நொடிக்குட் பட்டும் அடங்கும். சில மணித்துளி நீடிப்பதும் உண்டு. ஞாலத்தைச் சூழ்ந்த காற்று அக்கதிரைத் தடுத்துவிடுவதால், வானிற் சென்றே காணவேண்டும். கதிர் பட்டால் ஒளிரும் படிகமும் பிழையாக் கடிகையும் அதற்குப் போதும். ஒளி நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர் விரைவது. ஞாலத்தின் இருபுறமும் அணுக்கமாய்ச் சுழலும் இரு கோள்களுக்கிடையே நேரவேறுபாடு நொடியின் இருபதிலொரு பங்கினும் குறைவே. இரு கோள்கள் வானில் ஒரு வளையத்தைக் காட்டும், மூன்றாவது அதனை இரு புள்ளியாக்கும், நான்காவது ஒன்றாக்கும். இவ்வளவும் சொல்லத் தமிழ் எங்கே தடுமாறிற்று?

'காமா' கிரேக்க எழுத்தின் பெயராயிற்றே என்பர். பெயரொன்று அயலதாயின் மொழி அழியாது. விளக்கமே அயன்மொழியில் நின்றுவிடின் மொழி அழியும்.

கமுக்க அணுக்குண்டு ஆய்வுகளை வேவுபார்க்க அமெரிக்கர் ஏவிய வேலாக் கோள்களே 1967-இல் இவ்வெடிப்பை முதன்முதற் பதிந்தன. 1973-இலேயே உலகம் அறிந்தது. இந்தியாவும் 1992-இலும் 1994-இலும் நூறு கிலோவுக்குச் சற்று மிக்க இரு சிறு கோள்களில் காமாக்கதிர்க் கருவியை வைத்து ஏவிற்று. அவ்வரிசைக்குப் பெயர் உரோகிணி! இன்று முன்மொழியப்பட்டுள்ள இரட்டைக்கோள் திட்டத்திற்குப் பெயர் தக்சா! ஆரியபட்டா, பாசுகரா என்று தொடங்கிய வடமொழிப் பெயர்சூட்டல் இன்னும் ஓயவில்லை. வரிகொடுக்கும் தமிழனுக்கு வானத்தில் ஒரு பெயருக்கும் உரிமையில்லையா?

அங்கேரியரும் சுலோவாக்கியரும் செக்கரும் கூடிச் செய்த கோளொன்று 2021-இல் விண்ணேகிற்று. அது பத்துச் செண்டிமீட்டர்ப் பக்கமுடைய பெட்டி. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. 2022 அக்டோபர் 9-இல், அதுவரை பதிவான வெடிப்புகளிலெல்லாம் பேரொளி மிக்கது தோன்றியபோது, பெருங்கருவிகள் சில திணறின. அச்சிறு பெட்டியோ அதன் உச்சத்தையும் அளந்தது. சுலோவாக்கியரின் தொகை ஏறத்தாழ ஐம்பத்தைந்து நூறாயிரமே. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களோ 7.21 கோடியர்! அச்சிறு நாட்டார் தம் பல்கலைக்கழகங்களில் தம் தாய்மொழியிற் கற்கின்றனர். அதனால் அவர்தம் அறிவு குன்றிற்றா?

தமிழர்க்குத் திறனில்லை என்றும் தட்டிக்கழிக்கவியலாது. அண்ணா பல்கலைக்கழகத்தில் உருவான நாற்பது கிலோ அனுசாட்டு 2009-இலேயே வானேறிற்று. கை உண்டு, கருவி உண்டு, மொழியும் உண்டு. இல்லாதது துணிவொன்றே.

ஓரி எய்த ஓரம்பு வேழம் முதலாகப் பல விலங்கை வீழ்த்திற்று என்று புறநானூறு போற்றும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் அடுத்து விடுக்கும் சிறு கோள் காமாக்கதிர்க் கருவி தாங்கட்டும். 'ஓரி' என்னும் பெயர் பூணட்டும்! அது கண்டதைக் கொல்லிமலைப் பள்ளிச் சிறுமி தன் தாய்மொழியிலேயே படிக்கட்டும். அவளுக்கு அதனை மறுப்பவன் எவனாயினும், அவன் தமிழுக்கன்று, அறிவுக்கே பகைவன்!