தொண்டு என்னும் போர்வை: கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர் நிலை



நம்மவர் ஒரு பள்ளியைப் புகழப் புகுந்தாலும் அளவறியார். இகழப் புகுந்தாலும் அளவறியார். கத்தோலிக்க மிஷன் பள்ளிகளைப் பற்றிய பேச்சே இதற்குச் சான்று. ஒரு சாரார் அவற்றை ஒழுக்கத்தின் கோயில் என்பர். மற்றொரு சாரார் மதம் மாற்றும் வலை என்பர். அப்பள்ளியில் நின்று தொண்டை வறளப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் பெறுவது யாது, இழப்பது யாது என்று இவ்விரு சாராரும் எண்ணிப் பார்த்ததுண்டா? தோட்டத்தில் பற்று வரவு எழுதிப் பழகிய கிராணியாகிய யாம் அக்கணக்கை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

முதற்கண் வரவு. 1852ஆம் ஆண்டில் லசால் சபைச் சகோதரர்கள் இந்நாடுகளில் வந்திறங்கினர். பினாங்கு செயின்ட் சேவியர் பள்ளியும் சிங்கப்பூர் செயின்ட் ஜோசப் பள்ளியும் அவ்வாண்டில் தோன்றியவை. குழந்தை இயேசு சபைக் கன்னியர் 1852இல் பினாங்கிலும் 1854இல் சிங்கப்பூரிலும் பெண்மக்களுக்குப் பள்ளி திறந்தனர். பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கென்று நம்மவர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது! பின்னர் 1904இல் கோலாலம்பூர் செயின்ட் ஜான்ஸ் பள்ளியும், 1912இல் ஈப்போ செயின்ட் மைக்கேல் பள்ளியும் எழுந்தன. சீனர் மகனும் தமிழர் மகனும் யூரேசியர் மகனும் ஒரே பலகையில் அமர்ந்தனர். உன் சாதி யாதென்று அப்பலகை கேட்கவில்லை. ஈப்போ செயின்ட் பிலோமினா கான்வென்ட், தைப்பிங் செயின்ட் திரேசா கான்வென்ட் என்னும் தமிழ்ப் பள்ளிகள் அம்மரபின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. இத்தகைய வகுப்பில் நின்று கற்பிப்பதும், முப்பதாண்டு கழித்துத் தெருவில் எதிர்ப்படும் மாணவன் கைகூப்புவதும் எந்த ஊதியப் பட்டியலிலும் அடங்காத பேறு. அதனை யாம் மறுக்கிலோம்.

இனிப் பற்று. பண்டு இப்பள்ளிகள் குறைந்த செலவில் தழைத்ததன் இரகசியம் என்னை? சகோதரரும் கன்னியரும் வறுமை விரதம் பூண்டவர். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. வீட்டு வாடகை இல்லை. நோயுற்றால் சபை காக்கும். மூப்புற்றால் சபை சோறிடும். அவர் அருகே பாடஞ் சொன்ன குடும்பத்து ஆசிரியருக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. ஆயினும் ஊரார் இருவரையும் ஒரே கோலால் அளந்தனர். “மிஷன் பள்ளி ஆசிரியர்தாமே, தொண்டாகச் செய்யட்டும்” என்றனர். நெடுங்காலம் தலைமைப் பதவி துறவியருக்கே உரியதாயிருந்தது. எத்துணைத் திறமை வாய்ந்த குடும்பத்தாரும் துணையாசிரியராகவே தலை நரைத்தனர்.

இன்று அக்குறை தீர்ந்ததன்றோ என்று கேட்பர். மலேசியாவில் 1961ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்குப் பின் அரசின் முழு உதவியை ஏற்ற மிஷன் பள்ளிகளில் ஊதியம் தருவது அரசே. அது நன்று. ஆயின் நிலமும் கட்டடமும் மிஷனுக்கு உரியவை. நியமனமும் மாற்றலும் அரசின் கையில் உள்ளவை. இரு வீட்டு மருமகள் போல் ஆசிரியர் நடுவில் நிற்கின்றார். துறவியர் அருகிவிட்டனர், அவர் விட்டுச்சென்ற பள்ளிப் பண்பைக் காக்கும் சுமை மட்டும் குடும்பத்து ஆசிரியர் தலைமேல் ஏறியது. நாடகமோ விளையாட்டோ பழைய மாணவர் விழாவோ, எதற்கும் முதலில் அழைக்கப்படுபவர் அவரே. நன்றி கூறும்போது மறக்கப்படுபவரும் அவரே!

மத வலை என்று கூவுவாருக்கு ஒரு சொல். தன் சமயமல்லாத வேறொரு சமயத்தின் போதனையைப் பெறவோ வழிபாட்டில் சேரவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று மலேசிய அரசியல் சட்டத்தின் 12ஆம் விதி கூறுகின்றது. அவ்விதி மீறப்படுமாயின் சான்றுடன் எடுத்துரையுங்கள். யாமும் உடன் நிற்போம். சான்றின்றி ஆசிரியர் மேல் பழி தூற்றாதீர்கள்.

தொண்டு, தொண்டு என்று முழங்குவோர் லசால் அடிகளின் வாழ்வை அறிவாராக. பிரெஞ்சு நாட்டு ரைம்ஸ் நகரத்துச் செல்வராகிய அவர் ஏழைச் சிறுவருக்கு இலத்தீனை விடுத்துத் தாய்மொழியில் வாசிப்புக் கற்பிக்க வழிசெய்தார். ஆனால் அதற்கு முன் அவர் செய்ததென்ன? ஆசிரியர்கள் தக்க உணவும் உறையுளுமின்றி வருந்தக் கண்டு, 1681இல் அவர்களைத் தம் சொந்த வீட்டிலேயே குடியேற்றினார். உறவினர் வெகுண்டனர், அவர் பின்வாங்கவில்லை. 1950இல் திருச்சபை அவரை ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று அறிவித்தது. ஆசிரியருக்குச் சோறிட்டுத் தொடங்கியவரின் பெயரால் ஆசிரியரைப் பட்டினித் தொண்டுக்கு அழைப்பது எவ்வகை நியாயம்?

தோட்டத்திலே பெரட்டுக்கு வந்து நாள் முழுதும் மரம் வெட்டியவன் பெயருக்கு நேரே கூலியை எழுதாமல் “நல்லவன்” என்று எழுதினால் அவன் ஏற்பானா? ஆசிரியரிடம் மட்டும் அதையே செய்கின்றோம். சிங்கப்பூர் விக்டோரியா வீதியில் இருந்த கன்னியர் பள்ளி 1983இல் தோ பாயோவுக்குப் பெயர்ந்தது. பழைய மடத்திலே இன்று உணவுக்கூடங்களும் திருமண விருந்துகளும் நடக்கின்றன. சுவரின் அழகை வியக்கின்றோம். அச்சுவருக்குள் குரல் தேயக் கற்பித்தவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டோமா?

ஆகவே எம் துணிபு இது. பழைய மாணவர் சங்கத்தார் ஆண்டு விருந்தின் செலவில் ஒரு பாதியைப் பள்ளிக் கூரைக்கும், ஓய்வுற்ற ஆசிரியரின் மருத்துவத்திற்கும் ஒதுக்குக. பெற்றோர் பள்ளிக் கூட்டத்துக்கு வருக. தேர்வு முடிவு வந்த அன்று மட்டும் வந்து நிற்பது போதாது. மிஷன் நிர்வாகத்தார் பள்ளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அவையில் குடும்பத்து ஆசிரியருக்கும் இடமளிக்க. தொண்டு என்பது தருபவர் தாமே விரும்பித் தருவது. பெறுபவர் கேட்டு வாங்கினால் அது வரியாகும். நம் பிள்ளைகளுக்காக ஆசிரியரிடம் நெடுங்காலம் வரி தண்டினோம். இனி அவருக்குரிய கடனைத் தீர்ப்போமாக!