பிள்ளைக்கு வாங்கும் புத்தகம்

புத்தகத் திருவிழாவில் விளையாட்டு வீரர்களின் சுயசரிதைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் பிள்ளையோடு போய் நிற்கிறோம். ஆனந்த், சச்சின், மேரி கோம், பிந்த்ரா என்று வரிசையாக முகங்கள். ஒன்றை எடுத்துப் பில் போட்டு, கடையை விட்டு வெளியே வருவதற்குள் ஆரம்பித்துவிடுகிறோம்: "இதைப் படிச்சுட்டு நீயும் இவர மாதிரி வரணும், தெரியுதா?" வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தகம் கணக்கு கைடுக்குப் பக்கத்தில் இன்னொரு கைடாக உட்கார்ந்துகொள்கிறது.

அதை நாம் படித்திருக்கிறோமா?

படித்திருந்தால் கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும். விசுவநாதன் ஆனந்த் 1969-ல் நம் மயிலாடுதுறையில் பிறந்தவர். அவர் எழுதிய 'மைண்ட் மாஸ்டர்' 2019-ல் வந்தது. ஆறு வயதில் அவருக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, அங்கே பகலில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். பையன் அப்போது பள்ளியில் இருப்பான். அம்மா புதிர்களைக் குறித்துவைப்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். அந்த அம்மா விடையைக் கேட்டு அதட்டவில்லை; கூட உட்கார்ந்து யோசித்தார்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சதுரங்கப் போட்டியைப் பாருங்கள். பள்ளிக்கூடத்து மண்டபத்துக்குள் பிள்ளைகள், வெளியே வேப்ப மரத்தடியில் நாம். ஆட்டம் முடிந்து, நகர்த்தல்களை எழுதிய தாளைக் கசக்கிப் பிடித்தபடி ஒரு குழந்தை வெளியே வருகிறது. தண்ணீர் பாட்டிலை நீட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறோம்: "ஜெயிச்சியா?" இல்லை என்று தலையாட்டினால், திரும்பி வரும்போது வண்டியில் அய்யம்பேட்டையிலிருந்து தஞ்சாவூர் வரை பாட்டுதான். "அந்தக் குதிரைய ஏன் நகர்த்துன?" கேட்கிற நமக்குக் குதிரை எப்படி நகரும் என்று தெரியுமா?

ஆனந்தும் தோற்றவர்தான்: 1995-ல் நியூயார்க்கில் உலகப் பட்டப் போட்டியில் காஸ்பரோவிடம் தோற்றார். 2013-ல் தான் வளர்ந்த சென்னையிலேயே கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். நான்கு வருடம் கழித்து, 48 வயதில், உலக ரேபிட் பட்டத்தை வென்றார். ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும் என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பத்து வயதுப் பிள்ளையிடம் மட்டும் அந்தப் பொறுமை எங்கே போய்விடுகிறது?

ஆனந்த் வீட்டுக்கு நேர் எதிரான வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசி 2009-ல் வெளியிட்ட 'ஓப்பன்' இருக்கிறது. லாஸ் வேகாஸ் வீட்டில் அப்பா ஒரு பந்து எறியும் இயந்திரத்தை வைத்திருந்தார். ஏழு வயதுப் பையன் தினம் 2,500 பந்து அடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பையன் அந்த இயந்திரத்துக்கு வைத்த பெயர் டிராகன். அந்த அப்பாவும் மகன் நல்லா வரணும் என்றுதான் நினைத்தார். டென்னிஸை வெறுத்தேன் என்று மகன் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்.

"இருந்தாலும் ஜெயிச்சாரே" என்று நம்மில் ஒருவர் நிச்சயம் சொல்வார். உண்மைதான், எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். ஆனால் ஜெயித்தவருக்கே கசந்தது என்றால், அதே அடி வாங்கியும் ஜெயிக்காத பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? அவர்கள் யாரும் சுயசரிதை எழுதுவதில்லை. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராகூட, அதற்குப் பிறகு தன்னைப் பிடித்த வெறுமையைப் பற்றி மறைக்காமல் பேசியிருக்கிறார்.

இன்னொரு வீடும் நமக்குத் தெரிந்ததுதான். சம்பா அறுப்பு முடிந்து, உளுந்து தெளிக்காத வயலில் பையன்கள் ஸ்டம்ப் நடுகிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் நம் வீட்டு மட்டை பரணுக்குப் போகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டால் அவருக்கு நன்றி சொல்கிறோம். அதே நாம், மாலையில் தொலைக்காட்சியில் அஸ்வினைப் பார்த்துக் கைதட்டியவர்கள். அவர் 2024-ல் எழுதிய சுயசரிதையின் தலைப்பிலேயே தெரு இருக்கிறது. மேற்கு மாம்பலத்துத் தெருவில் விளையாடிய கிரிக்கெட்தான் அதன் உயிர். நம் பிள்ளைக்குத் தெருவையும் விடவில்லை, வயலையும் விடவில்லை. புத்தகத்தை மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

நம் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பயம்தான் நம்மை ஓட்டுகிறது. அதனால்தான் சொல்கிறேன்: இந்தப் புத்தகங்களைப் பிள்ளைக்கு முன் நாம் படிப்போம். கோப்பை வாங்கும் பக்கத்துக்குத் தாவாமல், அப்பா அம்மா வரும் பக்கங்களில் நிற்போம். ஆங்கிலம் தடுக்கினால் பிள்ளையையே பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்போம். அதற்கும் நேரமில்லை என்றால், தயவுசெய்து வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்து வெளியே அனுப்புங்கள்.