வாசம் இருக்கத்தான் செய்யும் சார்

காருக்குள் பெட்ரோல் நாறுகிறது என்று பட்டறையில் சொன்னால், முதலில் ஒரு சிரிப்பு. அடுத்து ஒரு தீர்ப்பு: "பழைய வண்டி சார், வாசம் இருக்கத்தான் செய்யும்." கார்ப்புரேட்டர் காலத்து வண்டி வைத்திருப்பவன், ஆயுள் முழுக்கப் பெட்ரோல் ஆவியை மோந்துகொண்டிருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானா என்ன?

நம் பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம்; அது புற்றுநோய் உண்டாக்கும் சரக்கு. சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுகிற திரவம் இது. சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு தங்கும். மூடிய ஷெட்டில் ஒரு சுவிட்சின் பொறி போதும். இதையெல்லாம் சொன்னால் மெக்கானிக் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரலியே சார்" என்கிறார். காலையிலிருந்து அதிலேயே நிற்கிற மூக்குக்கு எப்படி வரும்?

பிறகு தொடங்குகிறது மாற்றுப்படலம். மூடி வாஷரை மாற்று, கார்ப்புரேட்டர் கேஸ்கட்டை மாற்று, பெட்ரோல் பம்ப்பையே மாற்று. எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதற்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை. எப்போது நாறுகிறது என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி வேலை முடியும். டேங்க்கை நிரப்பிய அன்று மட்டும் நாறினால் பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், இல்லையென்றால் டேங்க்கின் மேல்பக்கம் போயிருக்கும். ஓட்டி நிறுத்தியபின் பானட் பக்கம் நாறினால் கார்ப்புரேட்டரில் ஃபுளோட் வால்வு சரியாக மூடாமல் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் குச்சியை எடுத்தால் அளவு ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். இது என்ன ராக்கெட் வித்தையா?

இப்போது புதிதாக ஒரு சாக்கு வேறு கிடைத்திருக்கிறது. "எத்தனால் சார், எல்லாம் எத்தனால்." பொய்யில்லை. 2023இலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தை வேறு இழுக்கும். சரி அண்ணே, அதைத் தாங்குகிற ஹோஸாகப் போடுங்கள் என்றால், மீன் தொட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு கண்ணாடி டியூபை எடுத்து மாட்டுகிறார். எஞ்சின் சூட்டில் அது விறைத்து, கிளிப் பிடியிலிருந்து தானே கழன்றுகொள்ளும்.

கசிவைக் கண்டுபிடித்த அபூர்வமான நாட்களில் பார் சோப்பைத் தேய்க்கிறார்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால் நிற்கத்தான் செய்யும். வீடு போய்ச் சேர அது போதும். அதையே வைத்தியமாக்கி, மேலே எம்-சீல் அப்பி அனுப்பினால்? பெட்ரோல் ஈரம் போகாத தகரத்தில் எம்-சீல் எத்தனை நாள் ஒட்டும்?

கெஞ்சிக் கூத்தாடி டேங்க்கைக் கழற்ற வைத்தேன். மேல்பக்கம், பட்டை அழுத்துகிற இடத்தில், துரு ஊசி ஊசியாக ஓட்டை போட்டிருந்தது. சத்தம் வராமலிருக்க எந்தக் காலத்திலோ யாரோ பட்டைக்கு அடியில் சாக்குத் துண்டு செருகியிருக்கிறார்கள். மழைக்கு மழை அது தண்ணீரைக் குடித்துத் தகரத்துக்கு ஊட்டியிருக்கிறது.

"காலி டேங்க்தானே சார், வெல்டிங் வச்சிடலாம்" என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர். காலி டேங்க்குக்குள் இருப்பது பூராவும் ஆவி. நிறைந்த டேங்க்கைவிட அதுதான் வெடிக்கும். நல்லவேளை, புதுப்பேட்டையில் ரேடியேட்டர் வேலை செய்கிற ஒரு பெரியவர் அகப்பட்டார். வெந்நீரும் சோப்புத்தூளும் விட்டுத் திரும்பத் திரும்ப அலசினார். பழுதுக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பினார். மேலே தகரம் வைத்து, காய்ச்சிய இரும்பால் ஈயப்பற்று வைத்தார். பேச்சே இல்லை. இந்த ஊரில் இன்னும் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சேருவதற்குள் நம் பர்ஸ் காலியாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

டேங்க்கைத் திரும்ப மாட்டுவதை நானே நின்று பார்த்தேன். பையன் பட்டையை ஏற்றினான், போல்ட்டைக் கையில் எடுத்தான், அப்புறம் மூலையில் கிடந்த சாக்கிலிருந்து ஒரு துண்டைக் கிழித்தான்.

"டேய் தம்பி, அது எதுக்கு?"

"சத்தம் வராது சார்."