ஒரு சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்

ஆண்டுதோறும் 6 விழுக்காடு சொத்து வரி உயர்வு என்று 2024 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. கேட்டால், 15-ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை என்கிறார்கள். வரியை வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தச் சொன்னது நிதிக்குழுதான். தவறான மதிப்பீட்டின் மீதே உயர்த்திக்கொண்டு போகச் சொன்னது யார்?

நம் வீட்டுக்கான வரி எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். கட்டடப் பரப்பைத் தெருவின் அடிப்படை வீதத்தால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. கழிவுகள் போக, அதை 12-க்குப் பதில் 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. அதில் குறிப்பிட்ட விழுக்காடு அரையாண்டு வரி. கணக்கு எளிதுதான். எல்லாம் அந்தத் தெரு வீதத்தில் இருக்கிறது. சென்னையில் குடியிருப்புகளுக்கு நெடுங்காலம் இருந்த வீதம், சதுர அடிக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை. 1998-இல் வரியைப் பொதுவாகச் சீராய்வு செய்த பிறகு நகரம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. எந்தத் தெருவின் வாடகை எவ்வளவு ஏறியது என்று தெருத்தெருவாக அளந்து வீதத்தைத் திருத்தியிருக்க வேண்டும்.

அந்த வேலையைச் செய்யாமல் 2022-இல் குறுக்குவழியில் போனார்கள். பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 விழுக்காடு, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று உயர்த்தினார்கள். வாடகை எகிறிய தெருவுக்கும் தேங்கிய தெருவுக்கும் ஒரே உயர்வு!

இந்த அடுக்குகளின் அநியாயத்தைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். ஒன்று 1,800 சதுர அடி, மற்றது 1,801. இரண்டுக்கும் அரையாண்டு வரி ஏறத்தாழ 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு அது 4,000 ஆனது. அடுத்த வீட்டுக்கு 5,000. ஒரேயொரு சதுர அடிக்கு அரையாண்டுக்கு ஆயிரம் ரூபாய்! இதன் மேல் ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகும். அந்த இடைவெளியும் 2,000 ஆகும். 24 ஆண்டுகளில் 4,000. பிழையும் கூட்டுவட்டியில் வளரும் என்பதைத்தான் இந்தத் தீர்மானம் உறுதி செய்திருக்கிறது.

2011-இல் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 ஆக விரிந்தபோது, அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம் எனத் தனித்தனி நகராட்சிகளின் மதிப்பீடுகளும் சேர்ந்தே வந்தன. அவற்றுக்கு 2022-இல் வேறு விழுக்காட்டு அடுக்கு. ஒட்டுப்போட்டார்களே தவிர, புதிதாக மதிப்பிடவில்லை.

உயர்வை முழுதாகத் திரும்பப் பெறு என்று முழங்கும் அ.தி.மு.க.வினர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2018-இல் தாங்களே உயர்த்திவிட்டு, 2019 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் நிறுத்திவைத்தவர்கள் அவர்கள். வரி இல்லாமல் குப்பை அள்ள முடியாது, மழைநீர் வடிகால் கட்ட முடியாது. வரி வேண்டாம் என்பவருக்கும், வீதத்தைத் தொடாமல் விழுக்காட்டை மட்டும் ஏற்றுபவருக்கும் வேறுபாடு இல்லை. இருவருமே வேலையைத் தட்டிக்கழிக்கிறார்கள்.

பெங்களூரு 2008-லேயே வழிகாட்டு மதிப்பை ஒட்டித் தெருக்களை ஆறு மண்டலங்களாகப் பிரித்து, உரிமையாளரே தன் வரியைக் கணக்கிட்டுக் கட்டும் முறைக்கு வந்துவிட்டது. அங்கும் குறைகள் உண்டு. ஆனாலும் தன் தெரு எந்த மண்டலம், ஏன் இந்தத் தொகை என்று அங்குள்ளவரால் சொல்ல முடிகிறது. இங்கே சீராய்வு மனு கொடுப்பவர் எதை ஒப்பிட்டு வாதாடுவார்?

ஆகவே 6 விழுக்காட்டு உயர்வை இந்த அரையாண்டிலேயே நிறுத்த வேண்டும். தெரு வீதங்களை வார்டு வாரியாகப் புதிதாக நிர்ணயித்து, பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டு, திருத்திய பிறகே ஒரு ரூபாயேனும் கூட்ட வேண்டும். அதுவரை, 1,800-ஐ ஒரு சதுர அடி தாண்டியதற்காக 150 விழுக்காடு ஏற்றப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் மாநகராட்சி பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.