அம்மம்மாவின் குரலும் திறவாத கோப்பும்

மறைந்தவரின் முகத்தைப் படத்திலே காணலாம். அவர் குரலைக் கேட்பதற்கோ முன்னாளிற் பலருக்கு வழியில்லாதிருந்தது. இன்று கையடக்கத் தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒலிப்பதிவாளரே. எனினும், பதிந்துவிட்டோம் என்று நிம்மதியாயிருப்பவர்கள், பின்னர் அதனைத் திறந்து தொகுக்க முற்படும்போதுதான், பதிதல் வேறு, பாதுகாத்தல் வேறு என்பதை உணருகின்றார்கள். இவ்வாரம் அத்தகையதொரு சம்பவத்தையே எடுத்துக்கொள்கின்றேன்.

எங்கள் அயலிலே மூதாட்டி ஒருவர் காலமானார். அவருடைய பேரன் உயர்தர வகுப்பு மாணவன். 31ஆம் நாட் கிரியைக்கு ஆறு நாட்களே இருந்தன. கல்வெட்டு அச்சகத்திலே இருந்தது. அம்மம்மா பாடிய தாலாட்டையும் சொன்ன ஊர்க்கதையையும் ஒன்றாகத் தொகுத்து, அன்றைக்கு வரும் உறவினருக்குக் கேட்பிக்க வேண்டுமென்பது அவன் விருப்பம். ஒரு மாலைப்பொழுதில் வந்து, என் மேசைமேல் ஒரு பென் ட்ரைவை வைத்தான்.

"மாமா, அம்மம்மாவின்ரை குரல் இதுக்குள்ளைதான் இருக்கு. ஆனால் ஒண்டும் திறக்குதில்லை" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

உள்ளே மூன்று கோப்புகள் இருந்தன. அவன் பயன்படுத்தியது ஓடாசிற்றி. 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஒலித்தொகுப்பு மென்பொருள் அது. மூன்று கோப்புகளையும் அது ஏற்க மறுத்தது. நோயாளர் மூவராயின் நோயும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஆகவே ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம் என்றேன்.

முதற் காரியமாக மூன்றையும் பிரதி செய்து, மூலக்கோப்புகளை வேறாக வைத்தோம். சிகிச்சை யாவும் பிரதிக்கே. மூலத்தில் எவரும் கைவைத்தல் ஆகாது. அடுத்து, கோப்புகளின் அளவைப் பார்த்தோம். அளவு சூனியமாயின் உள்ளே குரல் இல்லை. பிரதி செய்தல் இடையில் நின்றிருக்கலாம் என்று கருதி, மூலத்தைத் தேடிப்போக வேண்டும். நல்லவேளையாக மூன்றிலும் போதிய அளவு இருந்தது.

மூன்றாவது சோதனை, வீ.எல்.சி. போன்ற ஒலி இயக்கியில் அவற்றை ஒலிக்கச் செய்வது. அங்கே ஒலித்து, தொகுப்பு மென்பொருளில் மட்டும் திறவாதாயின் கோப்பு சுகமாயிருக்கிறது. அதனை வாசிக்கும் வித்தைதான் தொகுப்பு மென்பொருளிடம் இல்லை. இரண்டிலும் ஒலிக்காவிடின், கோப்பிலேயே பழுது இருக்கலாம் என்று ஐயுறவேண்டும்.

முதலாவது கோப்பு, தாலாட்டு, வீ.எல்.சி.யிலே இனிமையாக ஒலித்தது. பெயரின் முடிவில் 'வேவ்' என்றிருந்தது. "நீ ஏதாவது மாற்றினாயோ?" என்று கேட்டேன். முதலில் 'எம்.4.ஏ.' என்றிருந்ததாகவும், வேவ் ஆயின் திறக்கும் என்று யாரோ கூறக் கேட்டுப் பெயரை மாற்றியதாகவும் ஒப்புக்கொண்டான். உப்புப் போத்தலிலே சீனி என்று எழுதி ஒட்டினால் உப்பு இனிக்குமோ? கோப்பின் பெயர் போத்தலில் ஒட்டிய துண்டு மாத்திரமே.

உள்ளே இருப்பது யாதென்று அறிய விரும்பின், கோப்பின் தொடக்கத்தைப் பார்க்கவேண்டும். பிரதியை நோட்பேட்டில் திறந்தால், புரியாத குறிகளுக்கிடையே சில ஆங்கில எழுத்துக்கள் தென்படும். தொடக்கத்தில் ஆர், ஐ, எவ், எவ் என்பன இருந்து, சற்றுத் தள்ளி வேவ் என்ற சொல்லும் இருந்தால் அது வேவ். ஓ, ஜி, ஜி, எஸ் என்பன இருந்தால் ஓக். முதல் நான்கு இடங்களைக் கழித்து எவ், ரி, வை, பி என்பன வந்தால் எம்.4.ஏ. இனத்தது. பார்த்தபின் சேமிக்காமல் மூடிவிடவேண்டும். நோட்பேட்டிலே சேமித்தால் கோப்பு சிதைந்துபோகும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மாணவர்கள் மனத்திலிருத்துவது நன்று. ஒலிக்கோப்பு என்பது உறையும் அதனுள்ளிருக்கும் கடிதமும் போன்றது. எம்.4.ஏ. என்பது உறை, அதனுள் பெரும்பாலும் இருப்பது 1997இல் தரப்படுத்தப்பட்ட ஏ.ஏ.சி. என்னும் சுருக்கமுறையில் எழுதிய கடிதம். 1991இல் வெளிவந்த வேவ் என்னும் உறையிலோ பெரும்பாலும் சுருக்கப்படாத ஒலியே இருக்கும். ஓடாசிற்றி வேவ், எம்.பி.3 முதலியவற்றைத் தானாகவே வாசிக்கும். விண்டோஸ் கணனியில் எம்.4.ஏ.யை வாசிப்பதற்கு எவ்.எவ்.எம்பெக் என்னும் நூலகத்தைப் புறம்பாக நிறுவவேண்டும். அதனை நிறுவி, பழைய பெயரையும் மீட்டுக் கொடுத்தவுடன், தாலாட்டின் அலைவடிவம் திரையிலே விரிந்தது.

இரண்டாவது கோப்பு, கனடாவிலுள்ள சின்னம்மா வட்ஸ்அப் மூலம் அனுப்பியது. அம்மம்மா அவருக்குப் பேசி அனுப்பிய குரற்செய்தி. அது ஓக் உறையினுள் ஓபஸ் முறையில் எழுதப்பட்டிருந்தது. அதுவும் வீ.எல்.சி.யில் ஒலித்தது. எவ்.எவ்.எம்பெக் கருவியினால் அதனை வேவ் ஆக மாற்றினோம், திறந்தது. இவ்வாறு மாற்றுவதால் ஒலியின் தரம் உயராது, மேலும் குறையவும் மாட்டாது. ஆனால் எம்.பி.3 ஆக மாற்றியிருந்தால் இன்னொரு முறை சுருங்கிக் குரல் தேய்ந்திருக்கும்.

மூன்றாவது கோப்புத்தான் எங்களைச் சோதித்தது. ஊர்க்கதை அதிலேதான் இருந்தது. எதிலும் ஒலிக்கவில்லை. பதிந்துகொண்டிருக்கையில் தொலைபேசியின் பற்றரி தீர்ந்துவிட்டதென்று பையன் கூறினான். நோய் அதுவே. எம்.4.ஏ. கோப்பைப் பதியும்போது ஒலித்துண்டுகள் முதலில் எழுதப்படும். எந்தத் துண்டு எங்கே இருக்கின்றதென்று கூறும் பொருளடக்கம் பெரும்பாலும் பதிவை நிறுத்தும்போதே இறுதியில் எழுதப்படும். திடீரென்று மின்சாரம் அற்றால் பொருளடக்கம் எழுதப்படாமலே போய்விடும். கயிறு அறுந்த ஏட்டுச்சுவடி போல, ஏடுகள் உண்டு, ஒழுங்கு இல்லை.

அளவு ஏறக்குறைய 11 மெகாபைற். அத்தொலைபேசியின் பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைற் வீதம் வளர்வது. பன்னிரண்டு நிமிடம் வரையில் பேசியதாகப் பையன் சொன்ன கணக்குடன் அது பொருந்தியது. எனவே குரல் உள்ளேதான் இருந்தது.

இதற்கும் மருந்துண்டு. அதே தொலைபேசியில், அதே செயலியினால் பதிந்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் காட்டினால், அதனைப் பார்த்துப் பழுதான கோப்புக்குப் புதிய பொருளடக்கம் எழுத முயலும் கருவிகள் உள்ளன. அன்ட்ரங்க் என்பது அவற்றுள் ஒன்று. எங்களுக்கு மாதிரியாக வாய்த்தது எது? அந்தத் தாலாட்டுத்தான்! பையன் பெயரை மட்டும் மாற்றினானேயன்றி உள்ளடக்கத்தைக் கெடுக்காதிருந்ததனால், அம்மம்மாவின் பாட்டே அம்மம்மாவின் கதையை மீட்டுத் தந்தது. பதினொன்றரை நிமிடம் கிடைத்தது. கடைசி வசனம் பாதியில் அறுந்து நின்றது. அதனை அவ்வாறே விட்டுவிடுவோம் என்றேன். பையன் தலையசைத்தான்.

வேறு சில இடர்களையும் சுருக்கமாய்க் கூறிவிடுகின்றேன். வேவ் கோப்பின் தலைப்பகுதி மட்டும் கெட்டிருந்தால், ஓடாசிற்றியிலே 'மூலத்தரவு' எனப்படும் வழியால் அதனை இறக்கலாம். விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிற், ஒன்று அல்லது இரண்டு தடம் என்று கொடுத்துப் பார்க்கவேண்டும். வேகம் பிழைத்தால் குரல் கீச்சிடும் அல்லது இழுபடும், எண்ணை மாற்றுக. சுருக்கிய கோப்புகளுக்கு இவ்வழி உதவாது, இரைச்சலே கேட்கும். சாதாரண வேவ் 4 கிகாபைற்றுக்கு மேல் வளராது. அதே கணக்கில், இரு தடங்களாயின் ஏறக்குறைய ஆறே முக்கால் மணி நேரத்துடன் எல்லை வந்துவிடும். திருவிழாவை முழுநாளும் பதிவோர் இடையிடையே நிறுத்திப் புதுக்கோப்புத் தொடங்குதல் நலம். மேலும், 2021க்கு முந்திய ஓடாசிற்றித் திட்டக்கோப்பை மட்டும் நண்பருக்கு அனுப்பினால் அவரிடம் ஒலி இராது. ஒலியிருப்பது அதனோடு சேர்ந்த தரவுக்கோப்புறையில். அவ்வாண்டு வந்த மூன்றாம் பதிப்பிலிருந்தே இரண்டும் ஒரே கோப்பாயின.

சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகளைத் தேடி எடுத்து, 1887இலே கலித்தொகையை அச்சேற்றினார். செல்லரித்த ஏடுகளுக்கு நேர்ந்த கதி, நம் வீட்டு முதியோரின் குரல்களுக்கு நேராதிருக்க வேண்டுமாயின், பற்றரியைப் பார்த்துப் பதியுங்கள். பதிந்த அன்றே கேட்டுப் பாருங்கள். ஈரிடங்களிற் பிரதி வையுங்கள். பேசியவர் யார், எந்நாள் என்று எழுதியும் வையுங்கள்.

31ஆம் நாளன்று அந்தத் தாலாட்டு ஒலித்தபோது, சமையற்கட்டில் வேலையாயிருந்த பெண்களும் கையை நிறுத்தி வாசலுக்கு வந்தார்கள்.