சிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கட பெண்கள் சைக்கிள் பழகட்டும்

ஊர் உறவுகளுக்கு, கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக முழுக்க வாசியுங்கள். வாசித்த பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

போன கிழமை எங்கட ஊர் வட்ஸ்அப் குழுவில் இரண்டு வீடியோ வந்தது. முதலாவதில் வெளிநாட்டு இளைஞன் ஒருவன் ஒற்றைச் சக்கரத்தில் நின்றபடி பறக்கிறான். ஹாண்டிலும் இல்லை, சீட்டும் இல்லை. "மாஷா அல்லாஹ், என்ன திறமை" என்று வரிசையாக எழுதினீர்கள். இரண்டாவதில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர், எங்கட ஊர்ப் பெண், அந்தி நேரம் மைதானத்து ஓரமாகச் சைக்கிள் பழகப் போய் விழுகிறார். யாரோ மறைந்து நின்று எடுத்தது. அதற்குக் கீழே நிறையச் சிரிப்பு.

அவன் செய்ததும் இவர் செய்ததும் ஒரே வேலைதான். ஒரே வித்தியாசம், அவன் விழுந்ததையெல்லாம் வெட்டிவிட்டு வீடியோ போட்டான். இவர் விழுந்ததை மட்டும் வெட்டி நீங்கள் போட்டீர்கள்.

அந்த ஒற்றைச் சக்கரத்துக்கு மின்சார யூனிசைக்கிள் என்று பெயர். உள்ளே பற்றரி, மோட்டார், சாய்வை அறியும் ஜைரோஸ்கோப் இருக்கிறது. முன்னால் சாய்ந்தால் சக்கரம் முன்னால் ஓடி ஆளைத் தாங்கும். பின்னால் சாய்ந்தால் வேகம் குறையும். ஆனால் மெஷின் பார்ப்பது முன்பக்கம் பின்பக்கம் மட்டும்தான். இடம் வலமாகச் சரியாமல் பார்ப்பது ஓடுகிறவரின் பொறுப்பு. அதனால் புதிதாகப் பழகுகிறவர்கள் சுவரையோ வேலியையோ பிடித்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். ஏறுவார்கள், சரிவார்கள், காலில் அடிபடும், திரும்ப ஏறுவார்கள். நீங்கள் பார்த்த அந்த "திறமை"க்குப் பின்னால் இத்தனை விழுகை இருக்கிறது.

சைக்கிளும் அப்படித்தான். சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹாண்டிலைத் திருப்பினால், சக்கரம் உடம்புக்குக் கீழே வந்து தாங்கிக்கொள்ளும். பயந்தவர் எதிர்ப்பக்கம் திருப்புவார், விழுவார். இதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்க ஏலாது. உடம்பு தானாகப் பிடிபடும் வரைக்கும் சரியத்தான் வேண்டும். பழகுகிற ஆள் விழுவது பிழையே இல்லை, அதுதான் பாடம்.

நான் படிப்பிக்கிறவன். வகுப்பில் ஒரு பிள்ளை வாசிக்கும்போது தடுமாறி, மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த நாள் புத்தகத்தைத் திறக்காது. வாசிக்க ஏலாமல் அல்ல, சிரிப்புக்குப் பயந்து. எங்கட பெண்கள் சைக்கிள் ஓடாததற்கும் காரணம் சமநிலை இல்லை. சந்தியில் நிற்கிற சிரிப்புத்தான்.

வன்னி மண்ணில் நின்றுகொண்டு சைக்கிளைப் பார்த்துச் சிரிக்க எப்படி மனம் வருகிறது? 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பெற்றோல், டீசல், பற்றரி என்று எல்லாவற்றுக்கும் தடை வந்தது. அந்தக் காலத்தில் இந்தச் சனத்தைச் சுமந்தது சைக்கிள். விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் கரியரில்தான் போனார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட சனம் இது. பெண்களும்தான் ஓடினார்கள். யாரும் அதைக் கேவலமாகப் பார்க்கவில்லை.

அதே 1990 ஒக்டோபரில் எங்கட சமூகம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. அநேகமானோர் புத்தளத்தில் அகதியாக இருந்தோம். வன்னியின் அந்தச் சைக்கிள் காலம் எங்கட உம்மாமாருக்குக் கிடைக்கவில்லை. 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தோம், காடு வெட்டினோம், வீடு கட்டினோம். இன்றைக்குக் காலையில் வீதியைப் பாருங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு வரிசையாகச் சைக்கிளில் போகிறார்கள். எங்கட பிள்ளைகளில் பலர் வாப்பாவின் மோட்டார் சைக்கிளுக்காக வாசலில் நிற்கிறார்கள். பத்து வயதில் ஓடித் திரிந்த பிள்ளை பெரியபிள்ளையானதும் சைக்கிள் சுவரில் சாய்ந்துவிடுகிறது.

இதில் என்ன நட்டம் என்று கேட்கிறீர்களா?

ஓ.எல் நல்லாச் செய்த பிள்ளை. உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க அடுத்த ஊருக்குப் போக வேண்டும். நாலைந்து கிலோமீற்றர். பஸ் நேரத்துக்கு வராது. வாப்பா வயலில், காக்கா கட்டாரில். ஓட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லை. "பக்கத்தில் இருக்கிற பிரிவைப் படி" என்று முதலில் சொல்வோம். பிறகு "படித்தது போதும், மாப்பிள்ளை பார்ப்போம்" என்போம். கேட்டால் வறுமை என்று சொல்வோம். வறுமை பாதி. மற்றப் பாதி அந்த நாலு கிலோமீற்றர்.

இது என் கற்பனை இல்லை. 2006இல் இந்தியாவின் பீஹார் மாநில அரசு, ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உரிய வயதில் அந்த வகுப்புகளில் சேர்ந்த மாணவிகள் 32 வீதத்தால் கூடியிருந்தார்கள். ஆண் பெண் இடைவெளி 40 வீதத்தால் குறைந்தது. பாடசாலை தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் கூட. அதே கிராமம், அதே வறுமை. இரண்டு சக்கரம் மட்டும் புதிது.

"அது பிள்ளைகளுக்கு. வயசு போன பொம்பிளைகளுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டின் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளும் பழக்கினார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னுக்கு நின்றார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். கூலி வேலை செய்கிறவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள், முஸ்லிம் பெண்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். முதலில் அங்கேயும் சந்தியில் நின்று கேலி செய்தார்கள், கெட்ட வார்த்தை பேசினார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பார் வைத்த சைக்கிளிலேயே ஓடினார்கள், அந்தப் பாரில் பிள்ளையையும் இருத்திக்கொண்டு. வயதைப் பற்றிக் கேட்டால், ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் சைக்கிள் பழகியது 67 வயதில்.

இனி நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருவோம்.

"மார்க்கத்துக்குச் சரிவராது." நான் மௌலவி இல்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒட்டகத்தில் சவாரி செய்த குறைஷிப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. புகழ்ந்தது அவர்களின் பிள்ளைப் பாசத்தையும் வீட்டைப் பார்க்கும் பொறுப்பையும். சவாரி செய்ததை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடம் கேளுங்கள். சந்தியில் நிற்கிறவனிடம் கேட்காதீர்கள். அந்நியப் பெண்ணைக் களவாக வீடியோ எடுப்பது எந்த மார்க்கத்தில் கூடும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

"றோட்டில டிப்பர் ஓடுது." இது நியாயமான பயம். எனக்கும் இருக்கிறது. அதற்காகத்தான் மைதானத்தில் ஒழுங்காகப் பழக வேண்டும், ஒழுங்கையில் ஓடிப் பார்க்க வேண்டும், பிறகுதான் பெரிய றோட்டு. அரைகுறையாகப் பழகினவருக்குத்தான் ஆபத்து கூட.

"இப்ப கரண்ட் ஸ்கூட்டி வந்திட்டுது, சைக்கிள் எதற்கு?" சைக்கிளில் சமநிலை பிடிபடாத ஆள் பாரமான ஸ்கூட்டியில் ஏறி, பயத்தில் அக்ஸிலேட்டரை முறுக்கினால் என்ன நடக்கும்? சைக்கிளில் பழகி ஸ்கூட்டிக்குப் போவது சுகம். காசும் கொஞ்சம். 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் சொன்னபோது எந்த வீடு அசைந்தது என்பதை மறந்துவிட்டீர்களா?

பழக்குகிறவர்களுக்கும் ஒரு சொல். பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு "மிதி மிதி" என்று கத்துவதை விடுங்கள். இரண்டு பெடலையும் கழற்றுங்கள். இடப்பக்கப் பெடல் மற்றப் பக்கமாகச் சுற்றினால்தான் கழரும், பிழையாக இறுக்கிவிடாதீர்கள். இரண்டு பாதமும் நிலத்தில் படும் அளவுக்குச் சீட்டைப் பதியுங்கள். காலால் உந்தி உந்திப் போகட்டும், கண் டயரைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கட்டும். 1817இல் ஜெர்மனியில் கார்ல் வொன் டிறைஸ் செய்த முதல் வண்டிக்கும் பெடல் இருக்கவில்லை, காலால்தான் உந்தினார்கள். காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் உருள வந்த பிறகு பெடலைப் பூட்டுங்கள். அபாயா செயினில் சிக்காமல் செயின் கவர் உள்ள லேடீஸ் சைக்கிள் எடுங்கள்.

கடைசியாக என்ட கோரிக்கை. பள்ளி நிர்வாகத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும்தான். கிழமைக்கு இரண்டு நாள், அஸருக்குப் பிறகு மஃரிப் வரைக்கும் மைதானத்தைப் பெண்களுக்கு விடுங்கள். கிரிக்கெட் விளையாடும் தம்பிமார் அந்த இரண்டு நாளும் வேறு இடம் பார்க்கட்டும். ஃபோனோடு யாரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. பழக்குவதற்கு என்ட மனைவியும் இன்னும் இரண்டு ஆசிரியைமாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு பழைய லுமாலா இருக்கிறது, டயர் மாற்றிப் பெடல் கழற்றி வைத்திருக்கிறேன். சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கும் சைக்கிள் வேறு யாரிடமும் இருந்தால் தாருங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்வேன். சிரிப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை உங்களோடயே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாலு கிலோமீற்றர் போக வேண்டியிருக்கிறது.

வஸ்ஸலாம்.